போர்ட் எண்ணா, டிஎஸ்சிபி குறியா? ஒரு தண்டையார்பேட்டை மொட்டை மாடிக் கணக்கு

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில், ரேடியோ வழியாக இணைய இணைப்பு கொடுக்கும் எங்கள் கம்பம் நிற்கிறது. அதில் மூன்று செக்டர், அதாவது திசைக்கு ஒரு ரேடியோ: ஒன்று ராயபுரம், காசிமேடு பக்கம், ஒன்று கொருக்குப்பேட்டை, இன்னொன்று திருவொற்றியூர். எல்லாமே உரிமம் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ். வாடிக்கையாளர்களில் வீடுகளைவிட, துறைமுகச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்கள்தான் அதிகம். அவர்களுக்கு வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, போனில் குரல் வெட்டக் கூடாது.

ஒரு செக்டரின் காற்றலையை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வதால், எந்தப் பாக்கெட் (தரவுத் துண்டு) முதலில் போக வேண்டும் என்று கம்பத்திலுள்ள ரேடியோவான பேஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு மூன்று வழி. எந்தச் செயலியின் தரவு என்று காட்டும் போர்ட் எண், ஐபி முகவரி பார்த்துப் பிரிக்கலாம். பாக்கெட்டின் தலைப்பில் இருக்கும் டிஎஸ்சிபி என்ற முன்னுரிமைக் குறியைப் பார்த்துப் பிரிக்கலாம். ஒரே வலையைப் பல தனி வலைகளாகப் பிரிக்கும் விலேன் (VLAN) ஒட்டில் இருக்கும் முன்னுரிமையைப் பார்த்தும் பிரிக்கலாம். முதல் வழியில் ரொம்ப நாள் ஓட்டிவிட்டு இரண்டாவதுக்கு மாறியவன் நான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று மறைக்கப் போவதில்லை.

விலேன் வழியை முதலில் முடித்துவிடுகிறேன். மூன்று பிட், எட்டு நிலை, அவ்வளவுதான். வாடிக்கையாளர் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) வழியாக வந்தால் ஐபி தலைப்பு உள்ளே மூடிக்கொள்ளும். பல பேஸ் ஸ்டேஷன்கள் அதற்குள் எட்டிப் பார்ப்பதில்லை. போர்ட்டும் தெரியாது, டிஎஸ்சிபியும் தெரியாது. அங்கே இதுதான் கை கொடுக்கும். நாங்கள் பிபிபிஓஇ வைத்துக்கொள்ளவில்லை என்பதால் இதில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு.

போர்ட் வழி பார்க்க எளிது. இணைய போன் அழைப்பைத் தொடங்கி வைக்கும் சிப் (SIP) நெறிமுறைக்கு 5060, பின்னால் குரல் போகும் யூடிபி (பாக்கெட் அனுப்பும் ஒரு முறை) போர்ட்டுகளுக்கு ஒரு வரம்பு, எழுதினால் முடிந்தது. முதல் நாளே வேலை செய்யும். அதுதான் அதன் வசீகரம்.

வினை அப்புறம்தான் ஆரம்பிக்கும். அழைப்புச் செயலிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு போர்ட்டைப் பிடித்துக்கொண்டு வர, விதிகள் வால் மாதிரி நீண்டன. அலுத்துப்போய் ஒரு நாள் சோம்பேறித்தனமாக ஒரு விதி போட்டேன்: யூடிபி எல்லாம் குரல் வரிசைக்கு. அந்த நேரத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. பிறகு பிரௌசர்களும் வீடியோ தளங்களும் க்விக் (QUIC) என்ற புது நெறிமுறைக்கு மாறின. அது ஓடுவது யூடிபி 443-இல். ஒரு கிரிக்கெட் ராத்திரி, தெருவே பார்த்த வீடியோ முழுக்க என் குரல் வரிசைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ராயபுரத்து ஏஜென்ட் ஒருவர் கூப்பிட்டார். "இன்னா தம்பி, கப்பல் கம்பெனிக்காரன் பேசுறது ரோபோ மாதிரி கேக்குது. கன்டெய்னர் நம்பர்ல பாதி முழுங்கிடுறான்." விதிகளின் எண்ணிக்கைக் கவுன்டரைத் திறந்து பார்த்தேன். குரல் விதியின் எண் மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, சாதாரண விதி தூங்கியது.

443-ஐ மட்டும் விலக்கி அன்றைக்கு ஒப்பேற்றினேன். ஆனால் பராமரிப்பு என்ன என்பது அன்றுதான் உறைத்தது. ஒரு விதியை மாற்றினால் மூன்று செக்டரிலும் மாற்ற வேண்டும். பேஸ் ஸ்டேஷன் விதி கீழே இறங்கும் போக்குவரத்துக்கு மட்டும்தான். மேலே ஏறுவதை வாடிக்கையாளர் வீட்டு ரேடியோதான் பிரிக்க வேண்டும். ஆக, அங்கேயும் மாற்ற வேண்டும். எங்கள் பழைய கருவியில் விதியைச் சேமித்தால் செக்டரே ஒரு தடவை விழுந்து எழும். பகலில் தொட முடியாது. ராத்திரி கண் விழித்துச் செய்தால், விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் போன் போடுவார்கள். போதாக்குறைக்கு, பெரிய பாக்கெட் துண்டாக உடைந்தால் போர்ட் எண் முதல் துண்டில் மட்டுமே இருக்கும். மீதித் துண்டுகள் எந்த விதியிலும் மாட்டாமல் கடைசி வரிசைக்குப் போகும். எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து அனுப்பும் விபிஎன் போட்டால் போர்ட் கண்ணுக்கே தெரியாது.

டிஎஸ்சிபி 1998-இல் வரையறுத்த பழைய சங்கதி. ஆறு பிட், 0 முதல் 63 வரை. குரலுக்கு 46, வீடியோ பேச்சுக்கு 34, பின்னணி வேலைக்கு 8 என்று வைத்தோம். இப்போது பேஸ் ஸ்டேஷனில் நான்கே வரி: இந்த மூன்று, மற்றதெல்லாம் சாதாரணம். எழுதி வைத்தபின் அதைத் தொட வேண்டிய வேலையே வரவில்லை.

"அப்போ யார் குறி போடுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போர்ட், முகவரி பார்க்கும் வேலை மறைந்துவிடவில்லை. எங்கள் ஆபீஸ் ரவுட்டருக்கு இடம் மாறியிருக்கிறது. ஆனால் அங்கே ஒரே இடத்தில் மாற்றினால் போதும், செக்டர் விழாது. ரவுட்டர் இணைப்பையே நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் முதல் பாக்கெட்டைப் பிடித்தால் மற்றதும் பின்னால் வரும். ஏற்றத்தில் இன்னும் சுலபம்: பெரும்பாலான ஐபி போன்கள் தாமே 46 போட்டு அனுப்பும். வெளியிலிருந்து வரும் குறியை மட்டும் நம்பக் கூடாது. நுழைவிலேயே பூஜ்யமாக்கிவிட்டு நாம் புதிதாகப் போட வேண்டும். வாடிக்கையாளர் பக்கமும் போன் தவிர மற்றதை அழித்துவிடுகிறோம். எல்லாவற்றுக்கும் 46 போட்டு கேம் ஆடும் பையன் எந்தத் தெருவிலும் ஒருத்தன் இருப்பான்.

இந்த வழியிலும் பொறி உண்டு, இரண்டில் நான் விழுந்தேன். சில கருவிகள் டிஎஸ்சிபி எண்ணைக் கேட்கும், சில, அந்த ஆறு பிட்டோடு பின்னால் இன்னும் இரண்டு சேர்ந்த பழைய டாஸ் (TOS) பைட் முழுவதையும் கேட்கும். 46 என்பது அங்கே 184, நான்கால் பெருக்க வேண்டும். 46 என்றே அடித்துவிட்டு ஒரு மதியம் முழுக்கக் கவுன்டர் நகரவில்லையே என்று விழித்தேன்.

இரண்டாவது இன்னும் நைசானது. வைஃபை தொழில்நுட்பத்தை வைத்துச் செய்த ரேடியோக்களில் பல, குறியின் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். 46-க்கு அது 5. வைஃபையில் 5 என்றால் வீடியோ வரிசை. குரல் வரிசை 6-இல்தான் தொடங்குகிறது. 46-ஐ 6-க்கு அனுப்புங்கள் என்று 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தரநிலை ஆவணம் சொல்கிறது. அதைக் கையால் ஒரு வரி எழுதிச் சரி செய்தோம்.

நெரிசலே இல்லாத செக்டரில் எந்த வழியும் ஒன்றுதான், வித்தியாசம் சாயங்காலம்தான் தெரியும். எங்களிடம் செக்டருக்கு முப்பது இணைப்புக்குள்தான். நூறு தொங்கும் இடத்தில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை. ஒரே செக்டர், நாலைந்து ஐபி போன், முகவரி மாறாத ஒரே குரல் சர்வர் என்றால் போர்ட் விதியே போதும். அதற்காக ரவுட்டரைக் கிண்ட வேண்டாம்.

மாறுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். லினக்ஸ் கணினியிலிருந்து பிங் கட்டளையில் டாஸ் மதிப்பாக 184 கொடுத்து வாடிக்கையாளர் ரேடியோவுக்கு அடியுங்கள். குறி அழிக்கும் விதிக்கும் பேஸ் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருந்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வழியிலேயே பூஜ்யமாகிவிடும். பேஸ் ஸ்டேஷனில் குரல் விதியின் கவுன்டர் ஒவ்வொரு பிங்குக்கும் ஒன்று ஏற வேண்டும். சாதாரண விதியில் ஏறினால் 46-ஐயும் 184-ஐயும் எங்கோ குழப்பியிருக்கிறீர்கள்.