ஹட்டன் பக்கம் நாய் வளர்ப்பவர்களே, இந்த "கிரெய்ன் ஃப்ரீ" தீனி வாங்க முன் வாசியுங்கள்

டவுனில் செல்லப்பிராணிச் சாமான் விற்கும் கடை ஒன்றில், நாயின் சொறிக்கு மருந்து மாதிரிச் சொல்லித் தானியமில்லாத உலர் தீனி விற்கிறார்கள். எங்களுக்கும் விற்றார்கள்.

மழை தொடங்கியதும் டைகருக்குக் காதோரமும் முழங்கையும் முடி கொட்டி ஒரே சொறிச்சல். நாயைப் பார்க்காமலே கடைக்காரர் தீர்ப்புச் சொன்னார்: "சோறு குடுக்கிறீங்களா? அதான் அலர்ஜி. இதக் குடுங்க, முடி தானா வரும்." விலை சாதாரண தீனியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதுவும் பெரிய மூட்டையிலிருந்து அள்ளிப் பொலித்தீன் பையில் கட்டியது. லேபிள் இல்லை, காலாவதித் திகதி இல்லை. நம் ஊர் ஈரத்தில் இப்படித் திறந்து வைத்த தீனி பூஞ்சணம் பிடிக்க எவ்வளவு நேரமாகும்? பில் கேட்டதற்குச் சிரிப்புத்தான் பதில்.

சொறி கூடியது. தம்பியின் கையிலும் அரிப்பு வந்தது. மிருக வைத்தியர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, இது சொறிப்பூச்சி, மனிதருக்கும் தொற்றும், சோற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். நாய்களுக்கு உணவு ஒவ்வாமை வந்தாலும் பெரும்பாலும் மாட்டிறைச்சி, பால், கோழியால்தானாம். அரிசியால் வருவது அபூர்வம்.

திரும்பப் போய் மூட்டையைக் காட்டச் சொன்னேன். பட்டியலில் முதலில் பட்டாணி, பிறகு பருப்பு, உருளைக்கிழங்கு; இறைச்சி அதற்கும் கீழே. மாவுச்சத்து இல்லாமல் அந்த உருண்டைகள் உருவாகவே மாட்டா. தானியத்தை எடுத்த இடத்தில் பருப்பைப் போடுகிறார்கள், அவ்வளவுதான். நுவரெலியாக் கிழங்கையே அவித்துப் போட்டிருக்கலாம்!

இன்னொன்று. இப்படிப் பருப்பும் பட்டாணியும் கூடிய தீனிக்கும், நாயின் இதயத் தசை பலவீனமாகி இதயம் விரியும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விசாரிப்பதாக 2018 ஜூலையில் அறிவித்தது. 2014 முதல் 2019 ஏப்ரல் வரை அங்கே பதிவானவை 524 முறைப்பாடுகள். இதுதான் காரணம் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை, சரி. ஆனால் சோறு ஒத்துக்கொள்ளும் நாய்க்கு இது எதற்கு?

பை பிரித்தாயிற்று என்று பணத்தைத் தர மறுத்துவிட்டார் கடைக்காரர். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். அதே பொலித்தீன் பையில் வாங்கியவர்கள் இருந்தால் நீங்களும் அழையுங்கள், பையை வீசிவிடாதீர்கள்.