அயர்ன் மேன் கவசம் வாங்கப் போகிறீர்களா? 1,35,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கியதைக் கேட்டுவிட்டுப் போங்கள்

கோவையில் பிறந்தநாள் விழாக்களுக்கு அலங்காரம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. பலூன் வளைவு, மேடைப் பின்னணி, வாசலில் நின்று குழந்தைகளுக்குக் கை கொடுக்கும் வேடக்காரர், அவ்வளவுதான் என் தொழில். இரண்டு ஆண்டுகளாக விழா வீட்டார் பத்தில் எட்டுப் பேர் கேட்பது ஒரே கேள்வி: "அயர்ன் மேன் வருவாரா?" துணியில் தைத்த உடை ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் போட்டு வந்தவரைப் பார்த்து ஆறு வயதுப் பையன் ஒருவன், "இது நைட் டிரெஸ்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னான். அன்று இரவே உண்மையான கவசம் தேட ஆரம்பித்தேன்.

சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. விற்பவர் வெளிமாநிலத்துக்காரர். 3டி பிரிண்டரில் செய்த முழுக் கவசம், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், எடை 8 கிலோ, பொத்தானை அழுத்தினால் திறந்து மூடும் முகத்தகடு, மார்பிலும் உள்ளங்கையிலும் விளக்கு, என் உடல் அளவுக்கே செய்து 30 நாளில் அனுப்பப்படும் என்று எழுதியிருந்தார். விலை 1,35,000 ரூபாய். யு.பி.ஐ. வழியாக முதலில் 80,000, அனுப்புவதற்கு முன் 55,000. இரண்டும் ஒரு தனிநபர் கணக்குக்குப் போயின. ரசீது கேட்டேன், வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது.

படங்களைப் பார்த்தே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். 2008இல் வந்த முதல் அயர்ன் மேன் படத்தில் மார்க் 3 என்ற கவசத்தில் மார்பு விளக்கு வட்டமாக இருக்கும். 2010இல் வந்த இரண்டாம் படத்தின் மார்க் 6இல் அது முக்கோணம். இதை நாலாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். விற்பவர் அனுப்பிய ஐந்து படங்களில் மூன்றில் வட்டம், இரண்டில் முக்கோணம். கேட்டதற்கு, "வெளிச்சம் அப்படித் தெரிகிறது" என்றார். நானும் நம்பினேன். ஆசை வந்துவிட்டால் முக்கோணம்கூட வட்டமாகத்தான் தெரியும்போல. பிறகு கூகுளில் படத்தைக் கொடுத்துத் தேடியபோது, ஐந்து படங்களும் வெளிநாட்டில் வெவ்வேறு ஆட்கள் தங்கள் கையால் செய்து தங்கள் பக்கங்களில் போட்டவை என்று தெரிந்தது. இந்தத் தேடலுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பணம் போன பிறகுதான் அதைச் செய்யத் தோன்றியது.

சிறு வயதில் இரும்புக்கை மாயாவி படக்கதை படித்தவர்களுக்குத் தெரியும்: மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். இரண்டாவது தவணையை அனுப்பியதும் எங்கள் விற்பனையாளரும் அப்படித்தான் ஆனார். அழைத்தால் எடுப்பதில்லை, செய்திக்குப் பதில் இல்லை. ஆனால் பெட்டிக்கு 2,500, கூரியருக்கு 4,000 என்று கை மட்டும் அவ்வப்போது நீண்டது. 30 நாள் என்றது பதினோரு வாரமாயிற்று.

பெட்டி மார்ச் கடைசியில் வந்தது. மேல் பாகம் சிவப்பும் பொன்னுமாகப் பளபளத்தது. தொடை, முழங்கால், கணுக்கால் தகடுகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. தொட்டுப் பார்த்தால் பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. பெயின்ட் அடிக்கவே இல்லை. அதிசயமாக அன்று போனை எடுத்தவர் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியாது: "முதல் கதையில் அயர்ன் மேன் சாம்பல் நிறம்தானே சார்?" அவர் சொன்னது உண்மைதான். 1963 மார்ச் தேதியிட்ட டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ் படக்கதையின் 39ஆம் இதழில், அயர்ன் மேனாக மாறும் டோனி ஸ்டார்க் குகைச் சிறையில் செய்துகொண்ட கவசம் சாம்பல் நிறம். அடுத்த இதழிலேயே அதற்குப் பொன் நிறம் பூசிவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் இதழில் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ வரைந்த புதிய கவசத்தோடுதான் சிவப்பும் பொன்னும் வந்தன. "அப்படியானால் இடுப்புக்குக் கீழே 1963, இடுப்புக்கு மேலே 2008 என்று விற்றீர்களா?" என்று கேட்டேன். போன் துண்டிக்கப்பட்டது.

எடை போட்டால் 13 கிலோ 400 கிராம். என் அளவு என்று மார்பு, தோள், கை, தொடை எல்லாம் அளந்து அனுப்பியிருந்தேன். வந்தது யாருடைய அளவோ தெரியவில்லை. அச்சடிக்கும் கணினி ஃபைலைச் சற்றுப் பெரிதாக்கி அப்படியே அடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் உயரத்தோடு அகலமும் கழுத்துத் துளையும் சேர்ந்து பெருக்கும். தோள் தகடு காதில் இடித்தது. கையைத் தூக்கினால் மார்புத் தகடு தாடையைத் தள்ளியது. உட்காரவே முடியாது, தொடைத் தகட்டின் விளிம்பு அடிவயிற்றில் குத்தியது. அந்த விளிம்பைத் தேய்த்துக்கூட விடவில்லை. அடுக்கடுக்காக அச்சேறிய கோடுகள் அரம் போல நின்றன. உள்ளே பஞ்சு இல்லை, தோல் இல்லை. பட்டைகளைப் பிடித்து நிறுத்தியது சூட்டுப் பசை.

இவ்வளவையும் சகித்திருப்பேன். ஏப்ரலில் நடந்ததுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

வடவள்ளியில் ஒரு பிறந்தநாள் விழா. என்னிடம் பகுதிநேரமாக வேலை செய்யும் கல்லூரித் தம்பி ஒருவன் கவசத்தை அணிந்தான். இரண்டு பேர் சேர்ந்து மாட்டிவிட நாற்பது நிமிடம் ஆயிற்று. மேடையேறினான், குழந்தைகள் கத்தினார்கள், முகத்தகடு இறங்கி மூடியது. கண்களில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சம் உள்பக்கமாகவும் அடித்ததால் அவனுக்கு எதிரே எதுவும் தெரியவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கேக் வெட்டும் நேரத்தில் பொத்தானை அழுத்தியபோது உள்ளே "கிர்ர்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. தகடு திறக்கவில்லை. தலைக்கவசத்தில் மூச்சு போய்வர வாய்ப் பக்கம் ஒரு துளைகூட இல்லை, விசிறி இல்லை. அவன் கைகளை ஆட்டினான். குழந்தைகள் அதை நடனம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். நான் அருகில் போனபோது உள்ளிருந்து, "அண்ணா, மூச்சு முட்டுகிறது, கழற்றிவிடுங்கள்" என்றான். தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டுமானால் முதலில் முகத்தகடு திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் கொக்கியை அப்போதுதான் எட்ட முடியும். யாரோ யோசிக்காமல் செய்த அமைப்பு. சமையலறையிலிருந்து திருகுளியை வாங்கி வந்து தாடைப் பக்கம் நெம்பி உடைத்தோம். வெளியே வந்த முகம் வேர்வையில் நனைந்து வெளிறிப்போயிருந்தது. பிறந்தநாள் குழந்தை அழுதது, அயர்ன் மேன் செத்துவிட்டாரா என்று. வீட்டாரிடம் வாங்கிய 6,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். தம்பி இரண்டு நாள் படுத்திருந்தான். அந்த வீட்டுப் பக்கம் போக இன்னும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் மின்னணுப் பழுது பார்க்கும் நண்பர் பிரித்துப் பார்த்தார். முகத்தகட்டைத் தூக்கும் சர்வோ என்ற சிறு மோட்டாரில் பல்சக்கரங்கள் பிளாஸ்டிக். தகட்டின் கனத்தைத் தாங்காமல் பற்கள் தேய்ந்துவிட்டன. உலோகப் பற்கள் உள்ள மோட்டார் சில நூறு ரூபாய்தான் கூடுதல் என்றார். அதைவிட மோசம் முதுகுப் பக்கம் இருந்தது. மூன்று லித்தியம் செல்களைத் தொடராக இணைத்து, பாதுகாப்புச் சுற்று எதுவும் இல்லாமல், இன்சுலேஷன் டேப்பால் சுற்றி வைத்திருந்தார்கள். கம்பி எங்காவது உரசி ஷார்ட் சர்க்யூட் ஆனால், தீப்பிடிப்பது அணிந்திருப்பவரின் முதுகில். தொடக்கக் கதைகளில் டோனி ஸ்டார்க் மார்புத் தகட்டைச் சுவர் பிளக்கில் செருகி மின்னேற்றிக்கொள்வார். அது நின்றால் அவர் இதயம் நின்றுவிடும், கழற்றவும் முடியாது. கதையில் அந்தத் தகடு ஆளைக் காப்பாற்றியது.

ஏ.பி.எஸ். என்று சொன்னதும் பொய் என்பதை வெயில் காட்டிக் கொடுத்தது. மே மாதம் வேனில் விட்டுப்போன தலைக்கவசத்தின் இடது கன்னம் மாலைக்குள் மெழுகு போல இளகிச் சரிந்திருந்தது. மலிவாகக் கிடைக்கும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும், ஏ.பி.எஸ். 100 டிகிரி வரை தாங்கும். கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் நம் ஊர் வெயிலுக்கு 60 டிகிரி ஒரு கணக்கே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கஸ்டம் ஆர்டர், திருப்பி எடுக்க மாட்டோம், நீங்கள்தான் திருகுளியால் உடைத்தீர்கள்" என்று எழுதிவிட்டு வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். பிறகு ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது: "தொழிலுக்காகத்தானே வாங்கினீர்கள்?" 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் தன் பிழைப்புக்காகச் சுயதொழிலில் தானே பயன்படுத்த வாங்கியிருந்தால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டத்தில் விளக்கம் உண்டு. என்னைப் போன்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளலாம். வழக்கை நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. எல்லாம் சரி, எதிர்த்தரப்பின் முகவரி வேண்டுமே? பெட்டியில் ஒட்டியிருந்தது கூரியர் அலுவலகக் கவுன்டரின் முகவரி. 2020 மின்வணிக விதிகளின்படி இணையத்தில் விற்பவர் தன் பெயர், முகவரியைத் தெரியப்படுத்த வேண்டும் என்பதை வழக்கறிஞர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது வங்கிக் கணக்கை வைத்து ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இனி யாராவது என்னிடம் கவசம் விற்க வந்தால், படம் வேண்டாம் என்பேன். என் பெயரையும் அன்றைய தேதியையும் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு ஆள் அதை மாட்டி, படி ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, மின்சாரம் இல்லாமல் தன் கையால் முகத்தகட்டைத் திறக்கும் காணொளி வேண்டும். உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஜி.எஸ்.டி. எண் கொடுத்தால் அரசுத் தளத்தில் போட்டுப் பார்ப்பேன். கனமும் வெப்பமும் வேண்டாதவர்கள் இ.வி.ஏ. ஃபோம் என்ற மெத்தென்ற அட்டையில் செய்வதைப் பாருங்கள்; பளபளப்பு சற்றுக் குறையும், ஆனால் உட்கார முடியும், விழுந்தாலும் உடையாது.

என்னுடையது இப்போது கிடங்கில் ஒரு பொம்மை மேல் நிற்கிறது, பேட்டரி எடுத்துவிட்டு, கன்னம் சரிந்தபடி. நேற்று இரவு தம்பி ஒரு இணைப்பு அனுப்பினான். புதிய பெயரில் ஒரு பக்கம், அதே ஐந்து படங்கள், மூன்றில் வட்டம், இரண்டில் முக்கோணம். விலை 1,49,000 ரூபாய்.