ஹைட்ராலிக் பிரேக் மாட்டித் தருகிறேன் என்பவரிடம் முதலில் ஆயில் பாட்டிலைக் கேளுங்கள்

சேலத்தில் எம்டிபி (மவுண்டன் பைக்) சைக்கிளுக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் மாற்ற நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே மாற்றிவிட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் சைக்கிளுக்கு பிரேக் மாற்றிக் கொடுத்த கடை, ஷிமானோ பிரேக்குக்குள் மோட்டார் பைக்குக்கு ஊற்றுகிற பிரேக் ஆயிலை ஊற்றி அனுப்பியிருக்கிறது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பின் பிரேக் மொத்தமாகப் போய்விட்டது. கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்த இடத்தில் போட்டிருக்கிறேன்.

சைக்கிளில் முதலில் இருந்தது வயர் டிஸ்க். நம் ஊரில் விற்கிற பெரும்பாலான எம்டிபிகளில் வருவது இதுதான். வயர் இழுத்தால் ஒரு பக்கத்துப் பேட் மட்டும் நகர்ந்து, சக்கரத்தோடு சுற்றும் ரோட்டர் என்கிற தகட்டை வளைத்து எதிர்ப்பக்கப் பேடில் கொண்டுபோய் அழுத்தும். ஊருக்குள் அது போதும். மலை இறக்கத்தில் நான்கு விரலும் போட்டு இழுத்துக்கொண்டே வந்தால் கை மரத்துப்போகும். ஹைட்ராலிக்கில் வயருக்குப் பதில் ஹோஸ் என்கிற குழாய்க்குள் இருக்கும் ஆயில் தள்ளி, இரண்டு பக்கத்துப் பிஸ்டனும் சேர்ந்து அழுத்தும், ஒரு விரல் போதும். அதற்காகத்தான் மாற்றினேன்.

கேட்டது தெளிவாகத்தான் கேட்டேன். ஷிமானோ எம்டி200 செட், பழைய ரோட்டர்கள் தேய்ந்துவிட்டதால் 160 மி.மீ. அளவில் புது ரோட்டர் இரண்டு, ஹோஸை என் சைக்கிளுக்கு ஏற்ற நீளத்துக்கு வெட்டுவது, முன் பிரேக் வலது கையில். எல்லாம் சேர்த்து 10,400 ரூபாய். அதில் கூலி மட்டும் 1,500, "பிளீடிங் சேர்த்து" (அதாவது ஆயிலில் இருக்கும் காற்றை எடுப்பதும் சேர்த்து) என்று பில்லிலேயே எழுதியிருக்கிறது. முதலில் எஸ்டிமேட் சீட்டுதான் நீட்டினார்கள், வற்புறுத்தி பில் வாங்கினேன். "டெய்லி போடுறோம் சார், நம்ம பசங்க பார்த்துக்குவாங்க" என்றார் உரிமையாளர்.

முதல் வாரம் பிரேக் அருமையாக இருந்தது. அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அப்புறம் முன் லீவரை விட்டால் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் பேட் உரசிக்கொண்டே இருந்தது. கடைக்குப் போனேன். அங்கே இருந்த பையன் பேடும் பிஸ்டனும் இருக்கிற காலிப்பரின் போல்ட்டைத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி மறுபடி இறுக்கிவிட்டு, "ஓட ஓட செட் ஆயிடும்ணா" என்றான். புது பிரேக்கின் பேட் கொஞ்ச தூரம் ஓடித்தான் பிடிக்க ஆரம்பிக்கும் என்பது உண்மை. ஆனால் பேட் பழகுவது வேறு, பிஸ்டன் உள்ளே திரும்பாமல் நிற்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கொஞ்சம் கீழே. நானும் சைக்கிளுமாகச் சேர்த்து 90 கிலோவுக்கு மேல். அவ்வளவு எடையை 1,200 மீட்டர் கீழே இறக்கும்போது காற்று தடுப்பது போக மிச்சமெல்லாம் வெப்பமாக மாறி, புதிதில் 1.8 மி.மீ. கனமே உள்ள இரண்டு ரோட்டர் தகடுகளில்தான் ஏறும். 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் அழுத்திப் பிடித்தே ஆக வேண்டும். பாதி இறக்கத்தில் பின் லீவர் பஞ்சு மாதிரி ஆனது, அடுத்த வளைவில் ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டது. எதிரே பேருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. முன் பிரேக்கை மட்டும் நம்பி மலை ஓரத்து ஓடைப் பக்கம் சைக்கிளை ஒதுக்கி, கால் ஊன்றி நிறுத்தினேன். முன் பிரேக்கோ லீவரை விட்ட பிறகும் விடவில்லை. ரோட்டர் நீலம் பூத்திருந்தது. அங்கிருந்து தள்ளிக்கொண்டே நடந்து, காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு சின்ன யானை வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டதால் அடிவாரம் வந்து சேர்ந்தேன். அந்த வளைவில் முன் பிரேக்கும் கைவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை.

மறுபடி அந்தக் கடைக்குப் போகவில்லை. ஈரோட்டில் சைக்கிள் வேலை மட்டுமே செய்கிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றுவதற்கு முன்பே ஹேண்டில் கழுத்துப் பக்கம் விரலை வைத்துக் காட்டினார். லீவரும் ஹோஸும் சேரும் இடத்திலிருந்து ஈரம் கசிந்து, ஹோஸ் வழியாக இறங்கி, ஃப்ரேமைத் தொட்ட இடத்தில் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தது. "மினரல் ஆயில் பெயின்டை இப்படி உரிக்காது தம்பி" என்றார். ஷிமானோவுக்கு ஊற்ற வேண்டியது அந்த மினரல் ஆயில்தான்.

அப்புறம் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து வைத்தார். பின் காலிப்பரின் நிப்பிளில் சிரிஞ்சை மாட்டிக் கொஞ்சம் ஆயில் இழுத்தார். ஷிமானோ ஆயில் ரோஸ் கலந்த சிவப்பாக இருக்கும். வந்தது வெளிறிய தேன் நிறத்தில் இருந்தது. டம்ளரில் விட்டதும் சர்பத் கரைவதைப் போலத் தண்ணீருக்குள் இறங்கிக் கரைந்துவிட்டது. மேலே மெல்லிசாக ஒரு ரோஸ் படலம் மட்டும் மிதந்தது. மிதந்ததுதான் கம்பெனியில் ஊற்றி வந்த மினரல் ஆயிலின் மிச்சம். கரைந்தது டாட் வகை, அதாவது டூவீலர் ஸ்பேர் கடைகளில் எல்லாம் கிடைக்கிற பிரேக் ஆயில். எண்ணெய் தண்ணீரில் கரையாது, டாட் ஆயிலில் இருக்கும் கிளைகோல் கரையும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

டாட் ஆயில் மட்டமான சரக்கு என்று நான் சொல்லவில்லை. ஸ்ராமின் பல பிரேக்குகளுக்கும் ஹோப் பிரேக்குகளுக்கும் அதுதான் சரியான ஆயில், அவற்றின் சீல்கள் (கசியாமல் அடைக்கும் வளையங்கள்) அதற்கென்றே செய்த ரப்பர். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஒன்றுக்கான ரப்பர் இன்னொன்றில் ஊறினால் உப்பி, மெத்தென்று ஆகி, பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் கசியும். என் முன் பிரேக்கில் முதலாவது, பின் பிரேக்கில் இரண்டாவது. ஸ்ராமிலேயே சில புது மாடல்கள் மினரல் ஆயிலுக்கு மாறிவிட்டன, அதனால் பிராண்ட் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. லீவரின் மேல் மூடியிலோ உடலிலோ எந்த ஆயில் என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். என் லீவரிலும் இருந்தது. அதைப் படிக்காமல், ஒருவேளை படித்தும், ஊற்றியிருக்கிறார்கள்.

புது செட்டுக்கு ஆயில் ஊற்ற வேண்டிய தேவை எப்படி வந்தது என்று கேட்டேன். அந்த அண்ணன் விளக்கியதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. இந்த செட்டுகள் கம்பெனியிலேயே ஆயில் நிரப்பி, காற்று எடுத்து, லீவரும் காலிப்பரும் ஹோஸோடு சேர்ந்தேதான் பெட்டியில் வரும். நீளம் சரியாக இருந்தால் ஒரு சொட்டு ஆயில்கூடத் தேவையில்லை. என் பெட்டியில் வந்தது இடது கைக்கு முன் பிரேக் என்ற அமைப்பு. நம் ஊர் வழக்கப்படி மாற்ற, ஹோஸ்களைக் கழற்றி இடம் மாற்றி வெட்டியிருக்கிறார்கள். வெட்டினால் உள்ளே இருக்கும் ஆயில் கொஞ்சம் போகும், காற்று ஏறும், மறுபடி பிளீட் செய்தே தீர வேண்டும். அதற்கு மினரல் ஆயில், லீவர் மேல் திருகுகிற புனல், சிரிஞ்ச், பிஸ்டன்களுக்கு நடுவே வைக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் கட்டை வேண்டும். இதில் எதுவுமே அந்தக் கடையில் இருந்திருக்காது என்பது அவர் கணிப்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஏனென்றால் ஹோஸ் முனையில் இருந்த ஆலிவ் என்கிற சின்னப் பித்தளை வளையத்தையே மறுபடி போட்டு இறுக்கியிருந்தார்கள். ஒரு முறை நசுங்கிய ஆலிவ் மறுபடி சரியாக அடைக்காது, ஒவ்வொரு வெட்டுக்கும் புது ஆலிவ், ஹோஸ் முனைக்குள் செருகுகிற புது இன்செர்ட் போட வேண்டும். லீவர் மூட்டில் கசிந்ததற்குக் காரணம் அதுதான்.

ரோட்டர் விஷயம் இன்னும் மோசம். பில்லில் "ரோட்டர் புதுசு 2" என்று இருக்கிறது. சைக்கிளில் இருந்தவை என் பழைய ரோட்டர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டியிருக்கிறார்கள். வெர்னியர் அளவுகோலில் கனத்தை அளந்தால் 1.4 மி.மீ. ஷிமானோ ரோட்டர் 1.5 மி.மீ. ஆனாலே மாற்ற வேண்டும். ஆறு போல்ட்டுகளில் இரண்டு கையாலேயே சுழன்றன. ஆயில் மாற்றி ஊற்றியது அறியாமை என்று யாராவது வாதாடலாம். பழைய ரோட்டரைத் தேய்த்துப் புதுசு என்று காசு வாங்குவது சுத்தமான திருட்டு.

கழுவிவிட்டு நல்ல ஆயில் ஊற்றினால் சரியாகுமா என்று கேட்டேன். ஆகாது. ரப்பர் கெட்டது கெட்டதுதான். இந்த பிரேக்குக்கு ஷிமானோ சீல் தனியாக விற்பதில்லை, லீவர், காலிப்பர், ஹோஸ் மொத்தமும் மாற்ற வேண்டும். பேடிலும் ஆயில் இறங்கிவிட்டதால் அதுவும் போச்சு. டூவீலர் ஆயில் பாட்டில் எடுக்கக் கை நீட்டிய ஒரு நிமிடத்தில் புது செட் முழுவதும் குப்பை.

டம்ளர் படம், வெர்னியர் படம், பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உரிமையாளரைப் பார்த்தேன். "ஆயில்னா ஆயில்தான் சார், புல்லட்டுக்கே இதைத்தான் ஊத்துறோம்" என்றார். ரோட்டரைக் காட்டியதும் பேச்சை மாற்றி, "மலைக்கெல்லாம் ஓட்டினா வாரன்ட்டி கிடையாது" என்றார். மவுண்டன் பைக்குக்கு பிரேக் விற்ற கடையில் இந்தப் பதில். வேலை செய்த பையன் ஓரமாக நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு பாட்டில் சரியான ஆயிலும் ஒரு புனலும் வாங்கித் தராமல், எப்படிச் செய்வது என்று சொல்லியும் தராமல், உயிர் தொங்குகிற வேலையை ஒரு பையன் தலையில் கட்டிவிட்டு 1,500 ரூபாய் கூலி போடுவது அந்த முதலாளி.

பணம் திரும்ப வராது என்று தெரிந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன். கடைக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் ஒப்புகையோடு அனுப்பியிருக்கிறேன். செட்டின் விலை, ரோட்டர் பணம், கூலி மூன்றையும் கேட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பில் இருப்பதால்தான் இவ்வளவும் முடிகிறது. எஸ்டிமேட் சீட்டோடு வந்திருந்தால் அந்த ரோட்டர் பொய்யை என்னால் நிரூபிக்கவே முடியாது. கழற்றிய பாகங்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள், மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

இனி மாற்றப் போகிறவர்கள் வேலை தொடங்கும் முன்பே பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். லீவரில் அச்சிட்டிருப்பதும் பாட்டிலில் இருப்பதும் ஒன்றா என்று நீங்களே படியுங்கள். புது ஆலிவ் இருக்கிறதா என்று கேளுங்கள். காலிப்பர் போல்ட்டுக்கு ஷிமானோ சொல்வது 6 முதல் 8 நியூட்டன் மீட்டர், அந்த அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் இல்லாத கடை என்றால் வேறு கடை பாருங்கள். பழைய ரோட்டர்களைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாது என்று சொல்கிற இடத்தில் சைக்கிளை விடவே வேண்டாம்.

ஏற்கெனவே மாற்றியவர்கள், முக்கியமாக ஹோஸ் வெட்டி மாட்டியவர்கள், லீவர் மெதுவாகத் திரும்புகிறதா, லீவர் மூட்டில் ஈரம் இருக்கிறதா, ஃப்ரேமில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சந்தேகம் இருந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் சிரிஞ்சில் கொஞ்சம் எடுக்கச் சொல்லித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மினரல் ஆயில் பிரேக்கில் இருந்து எடுத்தது தண்ணீரில் கரைந்தால் அந்த சைக்கிளை ஊருக்குள்கூட ஓட்டாதீர்கள். முதலில் படம் எடுத்து வையுங்கள், பில்லைத் தேடி எடுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள். இதே மாதிரி ஏமாந்தவர்கள் சேலத்தில் இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், புகார்கள் சேர்ந்து போனால் இன்னும் வலுவாக நிற்கும்.