நான்கு ஆண்டுகளாக ஒரே சிவப்பு டெக்: குறைந்த செலவில் போட்டி ஆடிய அனுபவம்

மேஜிக்: தி கேதரிங் என்னும் கார்டு விளையாட்டில் 2021-ஆம் ஆண்டு நான் கட்டிய பர்ன் டெக்கை (எதிராளியின் உயிர்ப்புள்ளிகளை நேரடியாகக் கரைக்கும் கார்டுகளின் கட்டு) நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் போட்டிகளில் ஆடி வருகிறேன். பாப்பர் என்னும் ஃபார்மட்டுக்காக, அதாவது எந்தக் கார்டுகள் செல்லும் என்று வரையறுக்கும் ஆட்ட வகைக்காக, கட்டியது அது. காமன் என்னும் எளிதில் கிடைக்கும் தரத்தில் ஒருமுறையேனும் வெளியான கார்டுகளுக்கு மட்டுமே அந்த ஃபார்மட்டில் இடமுண்டு. நெடுங்காலம் இணைய ஆட்டத்தில் மட்டும் முறையான வடிவம் பெற்றிருந்த பாப்பர், 2019-இல் அச்சுக் கார்டுகளுக்கும் அதே விதிகளோடு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. கையில் இருக்கும் சொற்பப் பணத்தில் போட்டிக்குரிய டெக் ஒன்றைக் கட்ட நினைப்பவருக்கு என் நான்காண்டு அனுபவம் பயன்படும் என்ற நம்பிக்கையில் இதை விரிவாக எழுதுகிறேன்.

இந்த டெக்குக்கு முன் நான் கட்டிய ஒன்றைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். மாடர்ன் என்னும் மற்றொரு ஃபார்மட்டில் அப்போது வெற்றி பெற்றுவந்த மூன்று நிற டெக் ஒன்றின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த விலையுயர்ந்த கார்டுகளை எல்லாம் நீக்கிவிட்டு, பார்வைக்கு அதே வேலையைச் செய்யும் மலிவான கார்டுகளை இட்டு நிரப்பினேன். மூன்று நிற டெக்கில் பணத்தின் பெரும்பகுதியை விழுங்குவது, மற்றக் கார்டுகளை ஆடத் தேவையான மானா என்னும் ஆற்றலைத் தரும் லேண்ட் கார்டுகள்தான். டெக்கிலிருந்து வேறு லேண்டைத் தேடி எடுக்கும் ஃபெட்ச் லேண்டுகளுக்குப் பதிலாக நான் வைத்தவை களத்துக்கு வரும்போதே சாய்ந்த நிலையில் (ஏற்கெனவே பயன்படுத்தியதுபோல் பக்கவாட்டில் திருப்பி) வருபவை. வந்த முறையில் (டர்னில்) அவற்றிலிருந்து மானா எடுக்க முடியாது. ஓர் ஆட்டத்தில் அத்தகைய லேண்ட் இரண்டு வந்தாலே எதிராளியைவிட இரண்டு அடி பின்தங்கிவிடுவேன். மாடர்ன் போன்ற வேகமான ஃபார்மட்டில் அந்தப் பின்னடைவை ஈடுகட்டவே முடியாது. எட்டு மாதங்கள் அதை ஆடிய பிறகுதான், விலையுயர்ந்த டெக்கின் மலிவான நகலைக் கட்டுவது வேறு, இயல்பிலேயே மலிவான உத்தியைக் கொண்ட டெக்கைக் கட்டுவது வேறு என்பது எனக்கு விளங்கியது. சிக்கனமாகக் கட்ட விரும்புபவர் முதலில் தெளிய வேண்டிய வேறுபாடு இதுதான் என்று இன்றும் உறுதியாகக் கருதுகிறேன்.

பர்ன் டெக் ஏன் இயல்பிலேயே மலிவானது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. எதிராளிக்கு 20 உயிர்ப்புள்ளிகள். லைட்னிங் போல்ட், லாவா ஸ்பைக், செயின் லைட்னிங் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு சிவப்பு மானாவுக்கு 3 புள்ளிச் சேதம் விளைவிக்கும். அப்படிப்பட்ட ஏழு கார்டுகள் 21 புள்ளிகள். 60 கார்டுகளில் 18 மவுண்டன்களை (சிவப்பு மானா தரும் அடிப்படை லேண்டுகளை) வைத்தால், லேண்டின் பங்கு சரியாக 30 விழுக்காடு. முதலில் ஆடுபவர் தமது நான்காம் முறைக்கு வரும்போது கையில் வாங்கிய ஏழும் எடுத்த மூன்றுமாகப் பத்துக் கார்டுகளைப் பார்த்திருப்பார். சராசரியாக அவற்றில் மூன்று மவுண்டன்கள், ஏழு தாக்குதல் கார்டுகள். மூன்று மவுண்டன்களை வைத்துக்கொண்டு நான்கு முறைகளில் 1, 2, 3, 3 என ஒன்பது மானா கிடைக்கும்; ஏழு கார்டுகளுக்கு அது போதும். எதிராளி சும்மா இருக்கப்போவதில்லை, எல்லாக் கார்டும் ஒரு மானாவில் முடிவதுமில்லை என்றாலும், டெக்கின் முதுகெலும்பு இந்தக் கணக்குதான். எந்தக் கார்டு கைக்கு வந்தாலும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்வதால், ஓர் அரிய கார்டு வந்தால்தான் வெல்லலாம் என்ற நிலை எழுவதில்லை. ஒரே நிறம் என்பதால் லேண்டுகளுக்கும் செலவில்லை. பழைய பெட்டிகளில் கிடந்த மவுண்டன்களையே எடுத்துக்கொண்டேன்.

கார்டுகளைத் தனித்தனியாக வாங்குவதா, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பூஸ்டர் பாக்கெட்டுகளைப் பிரித்துத் தேடுவதா என்று கேட்பவர்களுக்கு, கணக்கையே பதிலாகச் சொல்லிவிடுகிறேன். 2008-இல் வெளியான ஷார்ட்ஸ் ஆஃப் அலாரா தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 101 காமன்கள், 53 ரேர்கள் (அரியவை), 15 மித்திக் ரேர்கள் (மிக அரியவை). ஒரு பாக்கெட்டில் பத்துக் காமன்கள் இருந்ததால், குறிப்பிட்ட ஒரு காமன் கிடைக்கச் சராசரியாகப் பத்துப் பாக்கெட்டுகள். நான்கு பிரதிகளுக்கு நாற்பது. ரேர் என்றால், 121 பாக்கெட்டுகளில் இரண்டு முறை என்ற விகிதத்தில் வருவதால், நான்கு பிரதிகளுக்கு ஏறத்தாழ 240 பாக்கெட்டுகள். மித்திக் ரேர் அதைப் போல் இரு மடங்கு. பாக்கெட்டைப் பிரிக்கும் மகிழ்ச்சியை நான் குறை கூறவில்லை. அது தனி இன்பம். ஆனால் டெக் கட்டுவதற்கான பணத்தை அதில் போடக்கூடாது. என் டெக்கின் அத்தனை கார்டுகளையும் தனியாகத்தான் வாங்கினேன். ஒரே கார்டு பல தொகுப்புகளில் மறுபதிப்பாகியிருக்கும்போது, ஓவியமும் ஓரச் சட்டமும் எப்படி இருந்தாலும் களத்தில் எல்லாம் ஒன்றே என்பதால் இருப்பதிலேயே மலிவான பதிப்பையே தேர்ந்தேன். ஓரம் தேய்ந்த பிரதிகளையும் தயங்காமல் வாங்கலாம். பின்புறம் ஒளிபுகாத ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறையில்) இட்டபின் தேய்மானம் யாருக்கும் தெரியாது.

முக்கியக் கார்டுகளை நான்கு பிரதிகள் வாங்காமல் இரண்டோடு நிறுத்திக்கொள்வது பணத்தை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். நானும் அப்படித் தொடங்கியவன்தான். 60 கார்டு டெக்கில் நான்கு பிரதிகள் இருந்தால் முதல் ஏழு கார்டுகளில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. இரண்டு பிரதிகள் என்றால் அது 22 விழுக்காடாகச் சுருங்கிவிடும். எனவே பணம் குறைவாக இருந்த மாதங்களில், எட்டு வகைக் கார்டுகளில் இரண்டிரண்டு வாங்குவதை விட்டுவிட்டு, நான்கு வகைகளை முழுமையாக நிரப்பினேன். எஞ்சிய இடங்களில் கையிலிருந்த சுமாரான சிவப்புக் கார்டுகளை வைத்து ஆடினேன். வாங்குவதற்கு முன் ஒவ்வொரு கார்டையும் காகிதத் துண்டில் எழுதி, ஸ்லீவுக்குள் ஒரு மவுண்டனுக்கு முன்னால் செருகி, நண்பர்களோடு இருபது முப்பது ஆட்டங்கள் ஆடிப் பார்ப்பேன். அதிகாரபூர்வப் போட்டிகளில் இத்தகைய மாற்றுக் கார்டுகளுக்கு அனுமதியில்லை. வீட்டுப் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த வழியும் இல்லை. கெல்டன் மராடர்ஸ் என்ற கார்டு நன்றாக ஆடும் என்று நம்பியிருந்த நான், காகிதத் துண்டிலேயே அது என் ஆட்டத்துக்கு ஒத்துவராது என்று கண்டுகொண்டு அந்தச் செலவைத் தவிர்த்தேன்.

இரண்டாம் ஆண்டில் ஒரு முறை ஏமாந்தேன். தனிநபர் ஒருவரிடம் செயின் லைட்னிங் நான்கு பிரதிகளை வழக்கத்தைவிடக் குறைந்த விலைக்கு வாங்கினேன். ஸ்லீவில் இடும்போது தாள் கொஞ்சம் வழுக்குவதுபோல் இருந்தது; அதைத் தவிர ஐயத்துக்கு இடமில்லை. நகைக்கடையில் பயன்படுத்தும் வகை உருப்பெருக்கியை எடுத்து, கார்டின் பின்பக்கத்தில் உள்ள ஐந்து நிற வட்டங்களில் பச்சை வட்டத்தை உற்றுப் பார்த்தேன். உண்மையான கார்டில் அந்தப் பச்சைக்குள் நான்கு சிவப்புப் புள்ளிகள் ஒரு மூலைமட்டம்போல் வளைந்து நிற்கும். நான் வாங்கியவற்றில் அந்த இடம் வெறும் கலங்கலாக இருந்தது. முன்பக்கத்தில் கார்டின் பெயரைப் பார்த்தேன். உண்மையான கார்டில் எழுத்துகள் திடமான கறுப்பு மையால் தனியாக அச்சாகியிருக்கும், இவற்றிலோ எழுத்தின் ஓரங்கள் சிறுசிறு வண்ணப் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தன. நான்குமே போலி. பணம் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து, உண்மையானது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கார்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எந்தக் கார்டையும் டெக்கில் சேர்க்கிறேன். பளபளக்கும் ஃபாயில் கார்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். அவை ஈரப்பதத்தில் வளையும். கட்டாக அடுக்கியிருக்கும்போதே எது ஃபாயில் என்று தெரிந்துவிட்டால் அது குறியிட்ட கார்டாகக் கருதப்படும்.

ஆடும் முறைக்கு வருகிறேன். இந்த டெக்கை ஆடச் சிந்தனை தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஃபயர்பிளாஸ்ட் என்ற ஒரே கார்டை எடுத்துக்கொண்டாலே அந்த எண்ணம் தவறு என்பது விளங்கும். ஆறு மானா செலவாகும் அந்தக் கார்டை, மானா கொடுக்காமல் இரண்டு மவுண்டன்களைப் பலிகொடுத்தும் ஆடலாம். 4 புள்ளிச் சேதம். மவுண்டன்களைப் பலிகொடுக்குமுன் அவற்றைச் சாய்த்து மானா எடுத்துவிடலாம் என்பதால், மூன்று மவுண்டன்களை மட்டும் வைத்துக்கொண்டே மூன்று போல்ட்டுகளும் ஒரு ஃபயர்பிளாஸ்ட்டுமாக ஒரே முறையில் 13 புள்ளிகளை இறக்க முடியும். ஆனால் எதிராளி நீல நிறத்தவராக இருந்து, சாயாத தீவு (நீல மானா தரும் லேண்ட்) ஒன்றேனும் வைத்திருந்தால், ஹைட்ரோபிளாஸ்ட் என்ற கார்டால் அதை முறியடிக்கலாம். அப்போது கார்டும் போய் இரண்டு மவுண்டன்களும் போய்விடும். முதல் ஆண்டில் நான் தோற்ற ஆட்டங்களில் கணிசமானவை ஃபயர்பிளாஸ்ட்டை ஒரு முறை முன்னதாக ஆடியதால் தோற்றவை. இப்போது எதிராளியின் லேண்டுகள் அத்தனையும் சாயும் தருணத்துக்காக, அது அவருடைய முறையின் நடுவில் வந்தாலும், காத்திருக்கிறேன்.

பச்சை நிற டெக்குகளின் வெதர் தி ஸ்டார்ம் என்ற கார்டுதான் இந்த டெக்குக்கு வாய்த்த மிகப் பெரிய தலைவலி. அது 3 உயிர்ப்புள்ளிகள் தருவதோடு, அந்த முறையில் அதற்கு முன் ஆடப்பட்ட ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நகலை உண்டாக்கும். நான் ஒரே மூச்சில் மூன்று போல்ட்டுகளை வீசினால் அவருக்கு 12 புள்ளிகள் கிடைக்கும். ஒன்றோடு நிறுத்தினால் 6. ஆகவே அத்தகையவருக்கு எதிராக முறைக்கு ஒரு கார்டு என்று நிதானமாக ஆடவும், தெர்மோ-ஆல்கெமிஸ்ட் போன்ற, களத்தில் நின்றுகொண்டே முறைக்கு ஒரு புள்ளியைக் கரைக்கும் உயிரிகளை முன்னிறுத்தவும் கற்றுக்கொண்டேன். இருந்தும் அந்த ஆட்டங்களில் நான் வெல்வதைவிடத் தோற்பதே அதிகம். பர்ன் டெக்கைத் தேர்பவர் இதை அறிந்தே தேர வேண்டும். நேர்மாறாக, ஆர்ட்டிஃபாக்ட் (கருவி வகை) கார்டுகளை நம்பும் அஃபினிட்டி டெக்குகளுக்கு எதிராகச் சைடுபோர்டிலிருந்து (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ள ஒதுக்கிய கார்டுகளிலிருந்து) வரும் ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ், ஓர் ஆர்ட்டிஃபாக்டை உடைத்து அதைக் கட்டுப்படுத்துபவருக்கு 3 சேதமும் தருவதால், பலமுறை ஆட்டத்தையே திருப்பியிருக்கிறது.

பராமரிப்புச் செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாப்பரில் பழைய தொகுப்புகள் காலாவதியாவதில்லை என்பதால் ஆண்டுதோறும் டெக்கைப் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் என்ற கார்டு 2022-இல் காமனாக மறுபதிப்பாகி பாப்பருக்குள் வந்தபோது நான்கு பிரதிகள் வாங்கினேன். 2023-இல் அது தடைசெய்யப்பட்டது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கியது நான்கே கார்டுகள். அவற்றின் இடத்தில் கெசிக் ஃபிளேம்பிரீதரை வைத்து அடுத்த வாரமே ஆடினேன். ஸ்விஃப்ட்ஸ்பியர் மாடர்னில் இன்னும் செல்லுபடியாவதால் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரே கார்டைச் சுற்றிக் கட்டிய டெக்காக இருந்திருந்தால் அந்தத் தடை முழுப் பணத்தையும் கரைத்திருக்கும். இதைத் தவிர, ஆண்டுக்கு ஒருமுறை ஸ்லீவுகளை மாற்றுவதே எனக்கான வழக்கமான செலவு.

தற்போது 18 மவுண்டன்களை 17 ஆகக் குறைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றைக் குறைத்தால் ஆட்டத்தின் பிற்பகுதியில் வெற்று லேண்டாக வருவது குறைகிறது. ஆனால் ஃபயர்பிளாஸ்ட்டுக்குத் தேவையான இரண்டாவது மவுண்டன் வராமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் ஆட்டங்களும் கூடுகின்றன. இதுவரை ஆடிய நாற்பது ஆட்டங்களை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலவில்லை. இன்னும் நூறு ஆட்டங்களாவது ஆடிக் குறித்து வைத்த பிறகே அந்தப் பதினெட்டாவது மவுண்டனை நிரந்தரமாக வெளியே எடுப்பேன்.