சாயங்காலம் ஏழு மணிக்கு டேட்டா மிஞ்சணும்: எந்த வழியை நம்பலாம்?

எங்கள் வீடு செட்டிநாட்டுப் பள்ளத்தூரில். முகப்பில் நுழைந்து பின்வாசல் வழியாக வெளியே வந்தால் அடுத்த தெரு. வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள்தான் வீடு முழுசாகத் திறக்கும். படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் நாள்), பொங்கல், அப்புறம் யார் வீட்டுக் கல்யாணமாவது. அந்தப் பதினைந்து நாளுக்காக மாதாமாதம் பிராட்பேண்டுக்குப் பணம் கட்ட யாருக்கும் மனசு வரவில்லை. ஆக, சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்து இறங்குகிற அத்தனை பேருக்கும் அவரவர் சிம்மில் இருக்கிற டேட்டாதான் கதி.

போன படைப்பன்று சாயங்காலம் ஏழு மணிக்கு சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வீடியோ காலில் வருவதாகச் சொல்லியிருந்தான். அங்கே அப்போது மணி ஒன்பதரை, பையன் தூங்கப் போகும் நேரம். அப்பத்தா ஆறரைக்கே பட்டாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார். கால் வந்தது, படமும் வந்தது. போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அப்பத்தா கேட்டார்: "ஏய்யா, புள்ள என்ன ஆத்தங்குடிக் கல்லு மாதிரி கட்டங்கட்டமாத் தெரியுறான்?" அதோடு படம் நின்றுவிட்டது. என் அன்றைய 1.5 ஜிபி நாலு மணிக்கே காலி ஆகியிருந்தது. அதற்குக் காரணம் நான் அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதன் பிறகுதான் டேட்டாவை எண்ணவும் அடக்கவும் என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். படித்த குறிப்புகளில் பாதி நமக்குப் பொருந்தவில்லை. அவை மாதக் கடைசியில் பில் எகிறிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு எழுதியவை. நம் ப்ரீபெய்டு பேக்கில் அந்தப் பயம் கிடையாது. நாள் அளவு தீர்ந்தால் பணம் போகாது, வேகம்தான் போகும். பெரிய கம்பெனிகளின் தினசரி பேக்குகளில் அது பொதுவாக 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அதாவது நொடிக்கு 8 கேபி. 3 எம்பி உள்ள ஒரு போட்டோ வந்து சேர ஆறே கால் நிமிஷம். வீடியோ காலை நினைத்தே பார்க்க வேண்டாம். ராத்திரி 12 மணிக்கு மறுபடி நிரம்பும், முந்தின நாள் மிச்சம் வைத்தது பொதுவாக அதோடு சேராது. ஆகவே, காலையில் கரைந்துபோகாமல் சாயங்காலத்துக்கு எது மிச்சம் பிடித்துத் தருகிறது என்பதை வைத்துத்தான் நான் ஒவ்வொன்றையும் எடை போட்டேன்.

இரண்டு பேரேடு

கணக்குப் பார்க்க இரண்டு இடம் உண்டு. ஒன்று சிம் கம்பெனியின் ஆப்: மைஜியோ, ஏர்டெல் தேங்க்ஸ், வி, பிஎஸ்என்எல் செல்ஃப்கேர் இப்படி. இன்னொன்று போனே வைத்திருக்கும் கணக்கு. இரண்டும் அச்சாக ஒத்துப்போகாது. வேகத்தைக் குறைப்பது கம்பெனி என்பதால் கம்பெனி எண்ணிக்கைதான் செல்லும். போன் 1.4 ஜிபி என்று சொல்லி, கம்பெனி 1.5 தீர்ந்தது என்றால் தீர்ந்ததுதான். வாதாடிப் பயனில்லை.

ஆனால் கம்பெனி ஆப்புக்கு மொத்தத் தொகை மட்டும்தான் தெரியும். யார் தின்றது என்று சொல்லத் தெரியாது. பற்று எழுதி, பேர் எழுதாத ஏடு. பேர்வாரியாகப் பார்க்கப் போனுக்குள்தான் போக வேண்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் டேட்டா யூசேஜ் என்று இருக்கும். எந்த ஆப் எவ்வளவு என்று இறங்கு வரிசையில் காட்டும். ஒன்றைத் தொட்டால், கண் முன்னே திறந்திருந்தபோது எவ்வளவு, பின்னணியில் சத்தமில்லாமல் எவ்வளவு என்றும் பிரித்துச் சொல்லும். அந்தப் பின்னணி எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஐபோனிலும் மொபைல் டேட்டா பக்கத்தில் இதே பட்டியல் உண்டு. ஆனால் அது தானாக மாதாமாதம் பூஜ்யத்துக்கு வராது. அடியில் இருக்கும் ரீசெட்டை நீங்கள்தான் அழுத்த வேண்டும். அழுத்தாதவர்களின் போனில் வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த கணக்கு 300 ஜிபி, 400 ஜிபி என்று நிற்கும். அதைப் பார்த்துவிட்டு யாராவது அலறினால் சிரிக்காதீர்கள்.

பாதி தீர்ந்தது, 90 சதவீதம் தீர்ந்தது என்று கம்பெனியிலிருந்து வரும் எஸ்எம்எஸ், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி வருவது. சரிதான், ஆனால் அது கடன் வேண்டுமா, லாட்டரி விழுந்தது என்கிற கூட்டத்துக்கு நடுவே வந்து விழுகிறது. நான் அதை நம்பி இருந்தது இல்லை.

லிமிட் என்று ஒன்று

ஆண்ட்ராய்டில் டேட்டா வார்னிங் அண்ட் லிமிட் என்ற இடத்தில் இத்தனை ஜிபி ஆனதும் நெட்டை நிறுத்து என்று சொல்லி வைக்கலாம். சொன்னபடி நிறுத்தவும் செய்யும். ஐபோனில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் ஆண்ட்ராய்டு ஜெயித்தது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம்தான்.

ஆனால் அது மாதக் கணக்கில் ஓடுகிறது. ஒவ்வொரு மாதமும் இன்ன தேதி என்று ஒரு நாளை வைத்துச் சுற்றும். நம் பேக்கோ 28 நாள். ஒவ்வொரு ரீசார்ஜுக்கும் தேதி இரண்டு மூன்று நாள் முன்னே நழுவும், வருஷத்துக்குப் பதின்மூன்று தடவை வரும். அதைவிடப் பெரிய சிக்கல் தினசரி அளவு. 1.5 ஜிபியை 28ஆல் பெருக்கி 42 ஜிபி என்று லிமிட் வைத்தால் அது ஒரு நாளும் குறுக்கே வராது. அதற்குள் இருபது சாயங்காலம் பாழாகியிருக்கும். சில கம்பெனி போன்களில் நாளுக்கு இவ்வளவு என்று வைக்கிற வசதியைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் போனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1.1 ஜிபி என்று வைத்துவிடுங்கள், மிச்சம் 400 எம்பி சாயங்காலத்துக்கு. இல்லாதவர்களுக்கு இந்த லிமிட் போஸ்ட்பெய்டுக்கோ, நாள் அளவில்லாமல் மொத்தமாக டேட்டா தரும் பேக்குக்கோதான் உதவும்.

இங்கே ஒரு பழைய வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூகுள் 2017இல் டேட்டாலி என்று ஒரு ஆப் விட்டது. அடுத்த வருஷம் அதில் அவசர இருப்பு என்று ஒரு வசதி வந்தது. இத்தனை எம்பியை எடுத்து ஒதுக்கி வை, அதைத் தொடாதே என்று சொல்லலாம். அதோடு, போனை வேறு யாரிடமாவது கொடுத்தால் இவ்வளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்கிற விருந்தாளி முறையும் இருந்தது. எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து யோசித்துச் செய்த மாதிரி இருந்தது. 2019இல் மூடிவிட்டார்கள்.

அடக்கும் வழிகள்

இப்போது கையில் இருப்பவற்றில் டேட்டா சேவர் முதலாவது. ஆண்ட்ராய்டில் 2016இலிருந்து இருக்கிறது. போட்டுவிட்டால் நீங்கள் திறந்து பார்க்காத ஆப்கள் பின்னணியில் நெட்டைத் தொட முடியாது. விதிவிலக்கு வேண்டிய ஆப்பைத் தனியாகத் தேர்ந்தெடுத்து விடலாம். வாட்ஸ்அப்புக்கு விலக்குக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் செய்தி தாமதமாக வரலாம். ஐபோனின் லோ டேட்டா மோடு 2019இல் வந்தது. அது மென்மையானது. தானாக நடக்கிற டவுன்லோடு, போட்டோ ஏற்றுவது போன்றவற்றை ஒத்திவைக்கும், ஆப்பைக் கட்டிப்போடாது. ஆனால் ஐபோனில் ஒவ்வொரு ஆப்புக்கும் மொபைல் டேட்டாவே வேண்டாம் என்று ஒரு பொத்தான் உண்டு. அது கறார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

வெளி ஆப்களில் நெட்கார்டு பரவாயில்லை. ரூட் செய்யாத, அதாவது உள்பூட்டை உடைக்காத ஆண்ட்ராய்டிலும் ஒவ்வொரு ஆப்பையும் மொபைல் டேட்டாவில் மட்டும் அடைக்கலாம். போனுக்குள்ளேயே ஒரு விபிஎன் (நெட் போக்குவரத்தைத் தன் வழியே திருப்பிவிடும் இணைப்பு) போல உட்கார்ந்து வேலை செய்வதால், ஆபீஸ் விபிஎன் வைத்திருப்பவர்களுக்கு ஆகாது. ஒரே நேரத்தில் ஒன்றுதான் ஓடும். இரண்டு வாரம் வைத்திருந்தேன். டேட்டா சேவர் இருக்கும்போது இது எதற்கு என்று எடுத்துவிட்டேன். ஆப் டைமர், அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடாதே என்பது, பிள்ளைகளுக்குச் சரி. டேட்டாவுக்கு அது அளவுகோல் இல்லை. ஒரு மணி நேரம் என்பது எந்தத் தரத்தில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அந்தத் தரம்தான் விஷயமே. நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் கணக்கு இது: குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7, எச்டியில் 3 ஜிபி வரை. ஆறு அங்குலத் திரையில் நடுத்தரத்துக்கும் எச்டிக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் அப்பச்சியால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. டேட்டாவுக்கு அது நாலு மடங்கு. யூடியூபில் செட்டிங்ஸுக்குள் வீடியோ குவாலிட்டி என்ற இடத்தில், மொபைல் நெட்வொர்க்கில் டேட்டா சேவர் என்று ஒரு தடவை வைத்துவிட்டால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவில் மாற்றினால் அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில், மொபைல் டேட்டாவில் தானாக இறங்கும் படம், வீடியோ எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். குடும்பக் குரூப்பில் காலை வணக்கத்தோடு வரும் குன்றக்குடித் தேர் வீடியோவை வேண்டும்போது தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதே பக்கத்தில் காலுக்குக் குறைந்த டேட்டா என்றும் ஒன்று உண்டு. பிளே ஸ்டோர் அப்டேட் வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள்.

இதற்கு மொத்தமே பத்து நிமிஷம். என் போனில் லிமிட், சேவர், வெளி ஆப் எல்லாவற்றையும்விட அதிகம் மிச்சம் பிடித்தது இதுதான். ஆப்புக்குள் போய் நாமே சொல்வதை வெளியிலிருந்து எந்தக் காவலாளியாலும் சொல்ல முடிவதில்லை.

சுவரும் சிக்னலும்

செட்டிநாட்டு வீட்டுக்கென்று இரண்டு தொந்தரவு தனியாக உண்டு. 2024 ஜூலை விலையேற்றத்தோடு ஜியோவும் ஏர்டெல்லும் நாளொன்றுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேலான பேக்குகளுக்குத்தான் அளவில்லா 5ஜி என்று மாற்றின. அந்தப் பேக் போட்டவர் முகப்பில் உட்கார்ந்து 5ஜியில் எவ்வளவு பார்த்தாலும் கணக்கு ஏறாது. எழுந்து வளவு (நடு முற்றம்) தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போகிறார். முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர். போன் 4ஜிக்கு இறங்குகிறது, வீடியோ நிற்காமல் ஓடுகிறது, கணக்கும் ஓட ஆரம்பிக்கிறது. மேலே மூலையில் எழுத்து மாறியதை யார் பார்ப்பது?

வைஃபை வைத்திருக்கிற வீடுகளில் இதற்கு நேர்மாறு. ஐபோனில் வைஃபை அசிஸ்ட் என்று ஒன்று முதலிலிருந்தே போட்டே இருக்கும். வைஃபை பலவீனமானால் கேட்காமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். பல ஆண்ட்ராய்டுகளிலும் இதே வேலை செய்யும் பொத்தான் உண்டு. ரவுட்டர் முகப்பில், படுக்கை உள்கட்டில் என்றால் அதை அணைத்து வையுங்கள். ஐபோனில் இதுவரை அது எவ்வளவு தின்றது என்ற எண்ணும் பக்கத்திலேயே இருக்கும்.

இப்போது அன்றைக்கு நடந்தது. அத்தை காலையில் ஹாட்ஸ்பாட் கேட்டார், கொடுத்தேன். சமையல்கட்டில் கும்மாயம் கிளறுவதிலிருந்து படைப்பு வைத்த இலை வரை நூற்றுக்கணக்கில் போட்டோ, நடுவில் வீடியோக்கள். அவர் போனில் வைஃபை இருந்தால் மட்டும் பேக்கப் என்று ஒழுங்காகத்தான் வைத்திருந்தார். என் ஹாட்ஸ்பாட்டை அது வைஃபை என்று எடுத்துக்கொண்டது. அத்தனையும் என் 1.5 ஜிபியில் மேலே ஏறியது. ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டை இன்னொரு ஆண்ட்ராய்டு பெரும்பாலும் கண்டுகொண்டு அடக்கி வாசிக்கும். வேறு வகைப் போன், லேப்டாப் என்றால் அந்தப் புரிதலை நம்ப முடியாது. வாங்குகிறவர் போனில்தான் சரிசெய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு மீட்டர்டு, அதாவது அளந்து செலவழிக்க வேண்டிய நெட், என்று வைக்க வேண்டும். ஐபோனில் அதே இடத்தில் லோ டேட்டா மோடு. விண்டோஸிலும் மீட்டர்டு கனெக்‌ஷன் என்று உண்டு. கொடுக்கிறவர் பக்கம் செய்ய முடிந்தது, ஹாட்ஸ்பாட்டுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைக்கிற வசதி. அது எல்லாப் போனிலும் இல்லை. போன் கம்பெனி மாற்றம் செய்யாத சுத்தமான ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர் போட்டிருந்தால் ஹாட்ஸ்பாட்டே திறக்காது. அத்தையிடம் முடியாது என்று சொல்ல வாய் வராதவர்கள் இதைச் சாக்காக வைத்துக்கொள்ளலாம்.

இந்த வருஷப் படைப்புக்கு நான் மத்தியானமே சேவரைப் போட்டுவிட்டேன். ஏழு மணிக்கு அப்பத்தாவை முகப்புத் திண்ணைக்குக் கூட்டி வந்து உட்காரவைத்தேன். கால் அரை மணி நேரம் ஓடியது. பையன் முன்பல் விழுந்த இடத்தைத் திறந்து காட்டினான், அதுவும் தெரிந்தது. நடுவில் அத்தை பின்னால் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்: "ஏப்பா, அந்த ஹாட்ஸ்பாட்டு..."

"ஏழரைக்கு மேல அத்தை."