தருமபுரியில் விடியும்போது டெட்ராய்ட்டில் கச்சேரி

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டு டி.வி.யில் கச்சேரி தொடங்கும். டெட்ராய்ட்டில் அப்போது சனிக்கிழமை இரவு எட்டு மணி. அந்த அமெரிக்க ஊரின் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெரிய மேற்கத்திய இசைக்குழு தன் சொந்த அரங்கமான ஆர்க்கெஸ்ட்ரா ஹாலிலிருந்து நேரலையாக, இலவசமாக ஒளிபரப்புகிறது. 2015-இல் கேட்க ஆரம்பித்தோம். பத்து வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் இருக்கும் என் சித்தப்பா மகன் வேலை விஷயமாக டெட்ராய்ட் போய் வந்தான். "அண்ணா, அங்க ஒரு கச்சேரி பார்த்தேன். எண்பது பேர் உட்கார்ந்து வாசிக்கிறாங்க. பெரியப்பா கட்டாயம் பார்க்கணும்" என்று சொல்லி இணைப்பை அனுப்பி வைத்தான். அவன் பெரியப்பா என்றது என் அப்பாவை. தருமபுரி வட்டாரத்தில் நாற்பது வருடம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நாதஸ்வரம் வாசித்தவர். நான் கற்றுக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

முதல் நாள் அப்பா பாதித் தூக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வயலின் குழுவின் தலைவர் மேடைக்கு வந்தார். கைதட்டல் அடங்கியது. குழுவின் நடுவிலிருந்து ஒரே ஒரு சுரம் நீளமாக எழுந்தது. மற்ற எல்லோரும் அதற்குத் தங்கள் வாத்தியத்தைச் சேர்த்தார்கள். அப்பா நிமிர்ந்துவிட்டார். "ஒத்து யாருடா ஊதறது?" நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியை விடாமல் ஊதும் குழல்தான் ஒத்து.

அது ஓபோ என்ற ஊதுகுழல். சிம்பொனியில் சுருதி சேர்க்க அந்தச் சுரத்தைக் கொடுப்பது அதன் வேலை; நொடிக்கு ஏறக்குறைய 440 அதிர்வு. அசையாமல் நிற்கும் குரல் என்பதால் எவ்வளவு சத்தத்திலும் அது தனியாகக் கேட்கும். அதுவும் நாதஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம்தான். நாணல் தட்டையைச் சீவி, இரண்டு நாக்கைச் சேர்த்துக் கட்டி, அதன் வழியாக ஊதுகிறார்கள். ஓபோக்காரர்களில் பெரும்பாலோர் தங்கள் சீவாளியைத் தாங்களே சீவிக்கொள்கிறார்கள் என்று படித்துக் காட்டியபோது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அன்றிலிருந்து அவர் பார்ப்பது அந்த வரிசையைத்தான். ஓபோ, அதைவிடக் கீழே பேசும் இங்கிலீஷ் ஹார்ன், நீண்டு நிற்கும் பஸூன், எல்லாம் சீவாளிக் குடும்பம். கேமரா அந்தப் பக்கம் திரும்பினால் அம்மாவைக் கூடப் பேசவிட மாட்டார்.

இந்தக் குழுவோடு நான் ஒட்டிக்கொண்டதற்கு அந்த அரங்கத்தின் கதையும் காரணம். 1918-இல் இசை இயக்குநரான ஒசிப் கப்ரிலோவிச் என்ற பியானோ மேதை, ஒழுங்கான அரங்கம் இருந்தால்தான் தொடர்ந்து இருப்பேன் என்றார். ஐந்து மாதத்துக்குள் கட்டி முடித்து, 1919 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். திரையரங்குகள் கட்டிப் பேர்பெற்ற சி. ஹோவர்ட் கிரேன் வரைந்து கொடுத்த கட்டடம். சுமார் 2,000 பேர் உட்காரலாம். 1922-இலேயே இந்தக் குழுவின் கச்சேரி வானொலியில் போனது. வீட்டில் இருப்பவனுக்கும் வாசிப்பது இவர்களுக்கு நூறு வருடப் பழக்கம்.

பிறகு கஷ்ட காலம். 1939-இல் குழு அரங்கத்தை விட்டு வெளியேறியது. 1941 முதல் பத்து வருடம் அது 'பாரடைஸ்' என்ற பெயரில் கறுப்பின மக்களின் ஜாஸ் அரங்கமாக இருந்தது. ட்யூக் எலிங்டன், பில்லி ஹாலிடே எல்லாம் அங்கே வந்து நிகழ்ச்சி கொடுத்திருக்கிறார்கள். அதன்பின் பல வருடம் சும்மா கிடந்து, கூரை ஒழுகி, சுவர் பெயர்ந்து, 1970-இல் இடித்துவிட்டு உணவகம் கட்டும் நிலைக்கு வந்தது. அப்போது குழுவில் பஸூன் வாசித்த பால் கான்சன் முன்னால் நின்று ஆட்களைத் திரட்டினார். சக கலைஞர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கட்டடத்தைக் காப்பாற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்துப் பழுது பார்த்து, 1989-இல்தான் குழு திரும்ப உள்ளே போனது. இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அவரும் சீவாளிக்காரர்தானே?"

நேரலை பிறந்த கதையும் சொல்ல வேண்டும். சம்பளக் குறைப்பால் 2010 அக்டோபரிலிருந்து ஆறு மாதம் கலைஞர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 2011 ஏப்ரலில் திரும்பி வந்த கையோடு இலவச ஒளிபரப்பு தொடங்கியது. 2013-இல் அந்த நகராட்சியே திவாலானது, ஒளிபரப்பு தொடர்ந்தது. காசு வாங்காமல் இவ்வளவு தரத்தில் கொடுக்கும் மனதுக்கு நான் தலைவணங்குகிறேன்.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். அவர்கள் இணையதளத்திலும் யூடியூபிலும் பார்க்கலாம். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பருவம் தொடங்கி ஜூனோடு முடியும். நேரக் கணக்குதான் முதலில் குழப்பும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். மற்ற மாதங்களில் பத்தரை. ஆகவே குளிர்காலத்தில் அதே எட்டு மணிக் கச்சேரி நமக்கு ஆறரைக்கு வரும். மார்கழியில் தெருவில் திருப்பாவை ஓய்ந்தபின் இதைப் போட்டால் பொருத்தமாக இருக்கும். இதை அறியாமல் முதல் வருடம் இரண்டு கச்சேரியைத் தவறவிட்டேன்.

செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அடிக்குரலில் பேசும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பேஸ் வரிசை முழுவதும் காணாமல் போய்விடும். பாதிக் கட்டடம் இல்லாமல் கோபுரத்தை மட்டும் பார்ப்பது மாதிரி. நான் மூன்று வருடம் அப்படித்தான் கேட்டேன். பிறகு டி.வி.யோடு ஒரு ஜோடி சாதாரண ஸ்பீக்கர் மாட்டியதும் இது வேறு இசையாகிவிட்டது. மெதுவான இடத்தில் சத்தத்தைக் கூட்டவும் வேண்டாம். அடுத்த நிமிடம் எண்பது பேரும் சேர்ந்து எழும்போது தூங்குகிற வீடு முழுக்க எழுந்துவிடும். எங்கள் பழைய இணைய இணைப்பு மழைக்காலத்தில் அறுந்து அறுந்து வரும். ஃபைபர் போட்டபின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

புதிதாகக் கேட்பவருக்கு நான் பரிந்துரைப்பது பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி. தொடக்கத்தில் வரும் அந்த நான்கு தட்டு எல்லோருக்கும் தெரியும். முதல் பகுதியின் பின்பாதியில் குழு முழுவதும் சட்டென நின்று, ஓபோ மட்டும் தாளத்தை விட்டு விலகி, சில நொடி தனியாகப் பாடும். ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடம் உடனே பிடிபடும். அடுத்து ட்வோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனியில் இரண்டாம் பகுதி. இங்கிலீஷ் ஹார்ன் அங்கே தாலாட்டு மாதிரி ஒரு ராகத்தை எடுக்கும். அப்பா கண் துடைத்ததை நான் பார்த்த ஒரே கச்சேரி அது. ராவெலின் 'பொலேரோ'வும் நல்ல தொடக்கம். கால் மணி நேரம் ஒரே தாளத்தை ஒரு சின்னப் பறை விடாமல் வாசிக்க, ஒவ்வொரு வாத்தியமாக வந்து சேரும். எங்கள் தெருத் தவில்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இப்படி அடக்கி வாசிப்பதுதான் கஷ்டம் என்றார்.

ஒரு படைப்பில் பல பகுதிகள் இருக்கும். இடையில் கைதட்டாமல் முழுதும் முடியும்வரை அவர்கள் காத்திருப்பார்கள். பிடித்த இடத்திலேயே 'பலே' சொல்லிப் பழகிய அப்பாவுக்கு இது இன்னும் ஒப்பவில்லை. எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. இடைவேளையில் கலைஞர்களிடம் பேட்டி எடுப்பார்கள். வாத்தியங்களைப் பற்றி நான் கற்றதில் பாதி அங்கே கற்றதுதான்.

பழைய கச்சேரிகளின் தொகுப்பு நன்கொடை தருபவர்களுக்கு என்பதால், நேரலையைத் தவறவிடாமல் இருப்பதுதான் எங்களுக்கு வழி. லெனார்ட் ஸ்லாட்கின் 2018 வரை குழுவின் இசை இயக்குநராக இருந்தார். பேச்சும் விளக்கமும் அவரிடம் தாராளம். 2020-இல் வந்த ஜாடர் பின்யாமினி, மிலானில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் கிளாரினெட் வாசித்தவர். ஊதுகிறவன் எங்கே மூச்சு வாங்குவான் என்று தெரிந்து கை அசைக்கிறார் என்பது அப்பாவின் கணிப்பு. கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இப்போது அப்பாவுக்கு மூச்சு போதவில்லை, வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஆனாலும் ஞாயிறு காலை ஐந்தேகாலுக்கு முகம் கழுவி, விபூதி பூசி, டி.வி. எதிரில் நாற்காலி போட்டுவிடுவார். போன கச்சேரியில் ஓபோக்காரர் சீவாளியைக் கழற்றி வாயில் வைத்து ஊறவைத்தார். "பாரு, காய விடக்கூடாதுன்னு அவருக்கும் தெரியுது" என்றவர், எழுந்து போய்ப் பெட்டியிலிருந்த தன் சீவாளிக் கட்டை எடுத்து வந்து, கச்சேரி முடியும்வரை கையிலேயே வைத்திருந்தார்.