மதுரை காளவாசல் பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ், ஒரு ரிவ்யூ

ரெண்டு மாசமா காளவாசல் பக்கம் ஒரு மாடில நடக்குற ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் போயிட்டிருக்கேன். கிராமர் சுமார்தான், ஆனா சார் இடியம் எடுக்குற அன்னைக்கு மட்டும் லீவு போட்டுறாதீங்க. 'ரீட் தி ரயட் ஆக்ட்'னா செம டோஸ் விடுறதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன், பாத்தா அது நெசமாவே ஒரு பழைய சட்டமாம்ல, இங்கிலாந்துல 1715ல அமலுக்கு வந்துச்சாம், அப்பல்லாம் 12 பேரோ அதுக்கு மேலயோ கூடி கலாட்டா பண்ணா மாஜிஸ்திரேட்டு வந்து ஒரு அறிவிப்பை சத்தமா வாசிப்பாரு, ஒரு மணி நேரத்துல கலையலைன்னா மரண தண்டனை வரைக்கும் போகலாமாம். கடைசில 'காட் சேவ் தி கிங்' சொல்ல விட்டுப்போயி அதனாலயே தண்டனை ரத்தான கேஸும் இருக்காம் (கிளாஸே சிரிச்சிருச்சு). நம்மூரு பழைய 144 தடை உத்தரவு மாதிரின்னு சொன்னதும் டக்குன்னு புரிஞ்சுச்சு.

மத்தபடி ஒரே ஃபேன், மத்தியான பேட்ச்னா வெந்துருவீங்க, வண்டி நிப்பாட்ட எடமில்ல. ஃபீஸ மொத்தமா கட்டச் சொல்றாங்க, நான் கெஞ்சித்தான் ரெண்டு தவணையாக்குனேன். சித்திரைத் திருவிழா வாரம் கிளாஸ் கிடையாது, கேட்டுட்டு சேருங்க.